சின்ன டிரஸ்டுக்காக யார் பேசுவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சின்ன அறக்கட்டளை நடத்துகிறவர்கள் நான்கு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும். "வேலை நல்லாத்தான் நடக்குது சார், வெளியதான் யாருக்கும் தெரியல." கூடவே அடுத்த கேள்வியும் வந்துவிடும். "நாமளும் ஒரு பிராண்ட் அம்பாசிடர் போட்டா என்ன?" உடனே பெயர்கள் விழ ஆரம்பிக்கும். சின்னத்திரை நடிகர் ஒருவர், யூடியூபில் பிரபலமான ஒருவர், பெங்களூருவில் ஐ.டி.யில் இருக்கும் நம்மூர்ப் பையன், நம் மையத்தில் படித்து இப்போது நர்ஸாக இருக்கும் பெண், மகளிர் குழுத் தலைவி. எல்லாப் பெயரையும் ஒரே தாளில் எழுதிவிட்டு, யார் கிடைக்கிறாரோ அவரைப் பிடிப்போம் என்று கூட்டம் கலையும்.

இந்தப் பக்கத்து டிரஸ்டுகள் சிலவற்றுக்குக் கணக்கும், நன்கொடையாளர் கடிதங்களும் பார்த்துக் கொடுக்கிறவன் நான். அந்தத் தாளில் இருக்கும் ஐந்து பேரும் ஒரே வேலையைச் செய்யப் போகிறவர்கள் அல்ல என்பதுதான் என் கருத்து. நமக்காகப் பேச ஆள் வேண்டும் என்றால், யாருடைய எந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆளைத் தேடுவது அதற்குப் பிறகு.

சந்தேகங்கள் பெரும்பாலும் மூன்றுதான். நன்கொடை தரப்போகிறவருக்கு, பணம் எங்கே போகிறது என்பது. பிள்ளையைப் படிப்பு மையத்துக்கு அனுப்பும் தாய்க்கு, குறிப்பாகப் பெண் பிள்ளையின் தாய்க்கு, அனுப்பினால் பத்திரமா என்பது. ஊரில் நாலு பேர் மதிக்கும் பெரியவருக்கு, இவர்கள் எந்தக் கட்சி, எந்த மதம், எத்தனை நாள் இருப்பார்கள் என்பது. முதல் சந்தேகத்தைத் தீர்க்கிறவரால் இரண்டாவதைத் தீர்க்க முடியாது. ஐ.டி. பையன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், பென்னாகரத்துக்கு மேலே மலையோரத்தில் இருக்கும் ஒரு தாய் அவன் பேச்சைக் கேட்டு மகளை இருட்டிய பிறகு வெளியே அனுப்பமாட்டார்.

கீழே எழுதுவதெல்லாம், சம்பளத்துக்கு மூன்று நான்கு பேர், சில கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம், அவ்வப்போது ஒரு மருத்துவ முகாம் என்ற அளவில் இருக்கும் டிரஸ்டுகளை மனத்தில் வைத்து. பெரிய நிறுவனங்களின் கதை வேறு.

பிரபல முகம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிரபலம் இலவசமாகவே வந்தாலும் செலவு உண்டு. கார், சாப்பாடு, கூட்டத்தைச் சமாளிக்க ஆள், அந்த வாரம் முழுக்க நம் ஊழியர் ஒருவரின் வேலை நேரம். கிடைப்பது பார்வைகள். அந்தப் பார்வைகள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும், பாலக்கோட்டிலிருந்து வருவது சொற்பம். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதலும் வெளியிட்டிருக்கிறது. 'கட்டண விளம்பரம்' என்ற வரியோடு ஒரு அறக்கட்டளையின் வேண்டுகோள் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் மக்களுக்குப் பிரபல முகங்களோடு பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. 2012-ல் கொங்குப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் கவிழ்ந்தபோது, அதற்கு முன் ஓடிய விளம்பரங்களில் சினிமா முகங்கள் இருந்ததை யாரும் மறக்கவில்லை. பணம் கேட்கும் இடத்தில் தெரிந்த நடிகரின் முகம் வந்தால், நம்பிக்கைக்குப் பதிலாக எச்சரிக்கை மணி அடிக்கிறவர்கள் இங்கே நிறைய.

ஒருநாள் நிகழ்ச்சிக்கு இந்த வழி சரி. ரத்த தான முகாம், நூலகத்துக்குப் புத்தகம் திரட்டுவது, வெள்ள நிவாரணம் மாதிரி அன்றைக்கே முடியும் காரியத்துக்குக் கூட்டம் வேண்டும், பிரபலம் கூட்டம் சேர்ப்பார். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பெங்களூருவில் இருக்கும் நம்மூர்க்காரர்கள்

ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்தும் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஊரை விட்டுப் போனவர்கள் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லுக்கும் வந்து போகிறார்கள். ஊர்ப்பாசம் இருக்கிறது, கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. பணம் பற்றிய முதல் சந்தேகத்துக்கு இவர்களைவிடச் சிறந்த பதில் கிடையாது. "நான் வருஷா வருஷம் குடுக்கிறேன், கணக்கு அனுப்புறாங்க, நேர்ல போய்ப் பார்த்தேன்" என்று ஒருவர் தன் அலுவலக நண்பரிடம் சொல்வது நம் ஆண்டறிக்கையின் ஐம்பது பக்கத்துக்குச் சமம்.

இவர்களால் ஆகக்கூடிய இன்னொரு காரியம் நிறுவனப் பணம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்தோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு, அதாவது சி.எஸ்.ஆருக்கு, செலவிடச் சொல்கிறது. ஓசூரைச் சுற்றி இத்தனை தொழிற்சாலைகள் இருக்க, உள்ளே வேலை செய்கிற ஒருவர் நம் பெயரைச் சொன்னால்தான் அந்தப் பணத்தை யாருக்குத் தருவது என்று முடிவு செய்யும் குழுவின் மேசைக்கு நம் மனு போகும். ஆனால் 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்யாத டிரஸ்டுக்கு அந்தப் பணம் வராது. நமக்காக ஒருவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்த பிறகு "பதிவு இன்னும் பண்ணல சார்" என்றால், அவருக்கு அலுவலகத்தில் தலைகுனிவு. அடுத்த முறை பேசமாட்டார். காகிதம் முதலில், தூதர் பிறகு.

காகிதம் என்றதும் இன்னும் சில. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அந்தத் தொகைக்கு 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிச் சலுகை கிடைக்காது. புதிய வரி முறையில் இருக்கிறவருக்கு அந்தச் சலுகையே இல்லை. "வரி மிச்சம்ப்பா" என்று நம் ஆதரவாளர் எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லி வைத்தால், சலுகை கிடைக்காதவர் நம்மைத்தான் ஏமாற்றுக்காரர் என்பார். வெளிநாட்டில் இருக்கும் நண்பரிடம் கேட்கும்போது அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று தெரிய வேண்டும். இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவும், புது டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். நல்ல எண்ணத்தில் வந்த ஐயாயிரம் ரூபாய் டிரஸ்டையே சிக்கலில் மாட்டிவிட முடியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் ஜிபே. ஆர்வமான பையன் நண்பர்கள் குரூப்பில் "என் நம்பருக்கே போடுங்கடா, நான் மொத்தமா அனுப்பிடறேன்" என்று போட்டுவிடுவான். கெட்ட நோக்கம் கிடையாது. ஆனால் யார் எவ்வளவு தந்தார், ரசீது யார் பெயரில், பாக்கி எங்கே என்று ஒரு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. டிரஸ்டின் கியூ.ஆர். தவிர வேறு எதிலும் பணம் வாங்கக் கூடாது என்பதை முதல் நாளே, முகம் கோணாமல், எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இவர்களிடம் குறை என்றால், வேகம். ஊருக்கு வந்து போன சூட்டில் லோகோ மாற்றலாம், ஆப் செய்யலாம் என்பார்கள். மார்ச் மாதம் வேலை நெருக்கடி வந்ததும் போனை எடுக்கமாட்டார்கள். அதில் கோபப்பட எதுவும் இல்லை, அவர்கள் வாழ்க்கை அங்கே இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை, அவர்கள் ஊருக்கு வரும் நேரம் பார்த்து, ஒரே ஒரு வேலை கேட்டால் போதும்.

உதவி பெற்றவர்கள்

நான்கு வழிகளில் வலுவானது இதுதான். நான் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான்.

ஏன் வலுவானது என்று விளக்க வேண்டியதில்லை. "இங்க படிச்சுத்தான் நான் காலேஜ் போனேன்" என்று ஒரு பெண் சொன்னால் கேட்கிறவருக்கு அதற்குமேல் ஆதாரம் தேவைப்படாது. பயம் எங்கே என்றால், நம் மாவட்டங்களில் டிரஸ்டுகள் தொடும் விஷயங்கள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது. பெண் சிசுக்கொலைக்கு எதிரான வேலை; தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி 2001-ல் தருமபுரிக்கும் வந்ததற்குக் காரணம் நமக்குத் தெரியும். புளூரைடு தண்ணீரால் பல்லில் காவி ஏறியவர்கள், முட்டி வளைந்தவர்கள். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் பழைய தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லும் எலும்பும் மாறிவிடவில்லை. இதில் எதிலாவது உதவி பெற்ற ஒருவரின் முகத்தை நோட்டீஸில் போடலாமா?

கல்யாணம் நிறுத்தப்பட்ட பெண்ணின் கதையைச் சொன்னால் கூட்டம் கண் கலங்கும். அவள் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும், அங்கேயே வாழ வேண்டும். பெற்றோரை ஊரே பார்க்கும்படி அவமானப்படுத்தியவள் என்ற பெயர் அவளுக்கு மிஞ்சும். பல்லில் காவி உள்ள பையனுக்கு நாளை பெண் பார்க்கப் போகும்போது நம் போஸ்டர் யாரோ ஒருவர் போனில் இருக்கும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகம், பள்ளி எதையும் ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தவர் போனில் அது மறையாது.

"சம்மதம் வாங்கித்தான் சார் போட்டோம்" என்பார்கள். எப்படி வாங்கினார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். மையத்தின் வாசலில் நின்று, "போட்டோ போட்டுக்கலாமாம்மா?" என்று ஊழியர் கேட்பார். அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "உங்க இஷ்டம் சார்" என்பார். பிள்ளையின் நோட்டுப் புத்தகம் முதல் சாயங்காலச் சுண்டல் வரை நம்மிடமிருந்து வருகிறது. அவரால் வேறென்ன சொல்ல முடியும்? 'உங்க இஷ்டம்' என்றால் 'எனக்கு இஷ்டமில்லை, சொல்லத் தெம்பில்லை' என்று எடுத்துக்கொள்வதே மரியாதை. உண்மையான சம்மதம் வேண்டுமென்றால், உதவி செய்தவர் அல்லாத வேறொருவர், வேறொரு நாளில், வேண்டாம் என்றாலும் எதுவும் நின்றுபோகாது என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

அப்படியானால் இந்த வழியையே மூடிவிடுவதா? இல்லை. உதவி பெற்ற கதையைச் சொல்லச் சொல்லாமல், அவர்கள் இன்றைக்குத் தெரிந்து வைத்திருப்பதைச் சொல்லச் சொன்னால் எல்லாம் மாறிவிடும். நர்ஸாகிவிட்ட பழைய மாணவி தன் வீட்டு வறுமையைப் பேச வேண்டாம். நர்சிங் படிப்புக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் எப்போதே எடுத்து வைக்க வேண்டும், விடுதி எப்படி இருக்கும் என்று பேசட்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் வாய் பார்த்துக் கேட்பார்கள். டிரஸ்டின் பெயரை அவர் ஒருமுறை சொன்னால் போதும்.

இதற்கு நம் மாவட்டத்திலேயே நல்ல முன்னுதாரணம் உண்டு. மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1993-ல் தொடங்கிய சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே இருக்கும் சிட்டிலிங்கிப் பழங்குடி மருத்துவப் பணி. அங்கே உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். அந்தப் பெண் ஒரு வீட்டு வாசலில் நின்று பேசும்போது உதவி பெற்றவளாகப் பேசுவதில்லை, வேலை தெரிந்தவளாகப் பேசுகிறாள். அதே பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரித் துணிகள் 'பொர்கை' என்ற பெயரில் விற்கின்றன. வாங்குகிறவர் கையில் இருப்பது அவர்களுடைய கைத்திறன், அவர்களுடைய கஷ்டம் அல்ல.

உள்ளூரில் ஏற்கெனவே கேட்கப்படுகிறவர்கள்

நான்காவது வழியைப் பற்றி யாரும் கூட்டத்தில் உற்சாகமாகப் பேசமாட்டார்கள், ஏனென்றால் அதில் போட்டோ எடுக்கும்படி ஒன்றும் இல்லை. மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அங்கன்வாடி டீச்சர், மகளிர் குழு அக்கா, டவுன் பஸ் கண்டக்டர்.

ஆனால் மக்கள் இயக்கமாக எது பரவியிருக்கிறதோ அது இந்த வழியில்தான் பரவியிருக்கிறது. ஐஃபாட் என்ற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதன்முதலாகத் தொடங்கியது பிரிக்கப்படாத தருமபுரி மாவட்டத்தில். மாநிலமெங்கும் மகளிர் திட்டம் வந்தது அதற்குப் பல ஆண்டு கழித்து. அப்போது செல்போன் இல்லை, ஸ்டேட்டஸ் இல்லை. பக்கத்து ஊர்ப் பெண்ணைச் சந்தையில் பார்க்கும்போது பையிலிருந்து சேமிப்புப் பாஸ்புக்கை எடுத்துக் காட்டுவார்கள். கிருஷ்ணகிரியில் ஐ.வி.டி.பி. என்ற தொண்டு நிறுவனம் வழியாகக் குழந்தை பிரான்சிஸ் கட்டிய பெண்கள் குழுக்கள் அவருக்கு 2012-ல் மகசேசே விருது வரை கொண்டுவந்தன. அதன் அடியில் இருப்பதும் இந்த வாய்வழிச் சங்கிலிதான். மூன்று சந்தேகங்களில் இரண்டாவதும் மூன்றாவதும், பத்திரமா, யாருடைய ஆட்கள் என்பவை, உள்ளூர்க்காரர் வாயால் மட்டுமே தீரும்.

இவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. "எங்களுக்கு யார் ஆதரவு?" என்று கேட்டால் பஞ்சாயத்துத் தலைவர் பெயரைச் சொல்வார்கள், பயத்தில். அப்படிக் கேட்காமல், ஊருக்குள் நாலைந்து வீட்டில், "பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்தா யார்கிட்ட காட்டிக் கேப்பீங்க?" என்று கேளுங்கள். "நடுராத்திரி காய்ச்சல்னா யாருக்குப் போன் பண்ணுவீங்க?" திரும்பத் திரும்ப ஒரே பெயர் வரும். அவர் ஏற்கெனவே நம் ஆதரவாளராக, முகாமுக்கு வந்தவராக, நூறு ரூபாய் தந்தவராக இருந்துவிட்டால் தேடல் முடிந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒருவருடைய சொல் இரண்டு மூன்று ஊருக்குமேல் செல்லாது. ஊருக்குள் மதிப்பாக இருப்பவர் சொன்னால் காலனியில் கேட்கமாட்டார்கள், காலனியில் இருப்பவர் சொன்னால் ஊருக்குள் எடுபடாது. தருமபுரியில் இதை விளக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே ஒரு கிராமத்தில் ஒரே ஒருவரை வைப்பது ஒருவரும் இல்லாததைவிட மோசம். டிரஸ்ட் அந்தத் தெருவுக்கு உரியது என்று முத்திரை குத்திவிடுவார்கள், பிறகு அழிக்க முடியாது. இரண்டு தெருவிலிருந்து இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் என்றால் கன்னடமோ தெலுங்கோ வீட்டு மொழியாக உள்ளவர் வேண்டும். தமிழில் அடித்த நோட்டீஸை அங்கே மரியாதையாக வாங்கி மடித்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுப்பதா, விட்டுவிடுவதா

யாரைத் தேர்ந்தாலும் இந்தக் கேள்வி வரும். பல டிரஸ்டுகள் ஒரு பக்க உரையைத் தட்டச்சு செய்து கொடுத்து, இதையே பேசுங்கள் என்கின்றன. எழுதிக் கொடுத்ததைக் குழு அக்கா ஒப்பித்தால் எதிரில் இருப்பவர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். டிசைன் செய்த போஸ்டரும் அப்படித்தான். வாட்ஸ்ஆப்பில் ஒரு ஃபார்வர்டை ஒரே தடவையில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாது. பலமுறை சுற்றி வந்தது என்றால் ஒருவருக்குத்தான். அதற்குள் அதைப் பார்ப்பவரும் படிக்காமலே தள்ளிவிடுகிறார். அக்கா தன் குரலில் நாற்பது வினாடி வாய்ஸ் மெசேஜ் போட்டால் நிச்சயம் கேட்பார்கள், அவர் பேர் தெரியும் என்பதற்காகவாவது.

தகடூர்க்காரர்களுக்கு, அதாவது பழைய தருமபுரிக்காரர்களுக்கு, இதில் பழைய பாடம் ஒன்று உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வை, எங்கள் படைக்கலங்கள் எல்லாம் பளபளக்கின்றன என்று பீற்றிக்கொள்ளவில்லை. உன்னுடையவை மாலை சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். குறை போலச் சொன்னது எதிராளிக்குப் புரிந்துவிட்டது. நம் ஆதரவாளரும், "மையத்துல ஃபேன் கூட சரியா ஓடாது, ஆனா டீச்சர் ஒருநாள் தவறாம வராங்க" என்று சொல்லட்டும். அதைத் திருத்தாதீர்கள். ஃபேனைப் பற்றிய வரி இருப்பதால்தான் டீச்சரைப் பற்றிய வரியை நம்புகிறார்கள்.

சொல்லக் கூடாதவற்றை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். குழந்தைகளின் பெயரும் படமும். டிரஸ்ட் தராத எதையும் தருவதாக வாக்குறுதி, குறிப்பாக வேலை, சீட். கட்சிப் பேச்சு.

பணம் கொடுக்கலாமா

திரட்டும் நன்கொடையில் இத்தனை சதவீதம் என்று கமிஷன் வைக்கும் யோசனை சில இடங்களில் வருகிறது. என் பதில் ஒரே வார்த்தை: கூடாது. தந்தவருக்குத் தெரிந்த அன்று டிரஸ்டும் சீட்டுக் கம்பெனியும் அவர் கண்ணில் ஒன்றாகிவிடும்.

மாதம் ஒரு மதிப்பூதியம் என்பது அவ்வளவு நேரடியான கேள்வி அல்ல. 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தார்கள். வாரத்தில் பல நாள், குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட வேலை என்று இருந்ததால் அது நியாயம். பாடம் நடத்துகிறவருக்குக் கொடுங்கள். ஆனால் 'நம்மைப் பற்றிப் பேசுவதற்கு' என்று மாதாமாதம் கொடுத்தால், அடுத்த நாளிலிருந்து அவர் சொல்லுக்கு ஊரில் வேறு விலை. பஸ் கட்டணம், போன் ரீசார்ஜ், கூட்டத்துக்கு வந்த நாளில் வயிறாரச் சாப்பாடு, இவற்றில் கஞ்சத்தனம் கூடாது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணை ஒருநாள் கூப்பிட்டால் அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். நம் சேவை மனப்பான்மைக்கு அவர் அடுப்பு ஏன் அணைய வேண்டும்?

எது யாருக்கு

பணம்தான் உங்கள் தட்டுப்பாடு என்றால் இரண்டாவது வழி. ஆனால் பதிவுகளும் ரசீதும் கியூ.ஆரும் சரியாகும்வரை தொடங்கவே வேண்டாம். மையத்துக்குப் பிள்ளைகள் வருவதில்லை, முகாமுக்கு ஆள் சேரவில்லை என்றால் நான்காவது வழி, வேறு பேச்சே இல்லை. பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்றால் பழைய மாணவர்கள், மேலே சொன்ன கட்டுப்பாடுகளோடு. எல்லாவற்றையும் ஒருசேரச் செய்ய ஆள்பலம் இல்லை, ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்கிறவர்களுக்கு நான் நான்காவதைத்தான் சொல்வேன். பிள்ளைகள் வரும் மையத்துக்குப் பணம் திரட்டலாம். ஆளில்லாத மையத்துக்கு எவ்வளவு பெரிய ஆள் பேசினாலும், ஒருநாள் நேரில் வந்து பார்க்கிறவர் பார்த்துவிடுவார்.

தொடங்கும்போது 'நீங்கள் எங்கள் தூதர்' என்று சால்வை போர்த்திச் சான்றிதழ் கொடுக்க வேண்டாம். சால்வை போட்டதும் பலருக்கு வேலை முடிந்ததாகத் தோன்றும், சிலருக்குப் பதவி கிடைத்ததாகத் தோன்றும். முதல் கோரிக்கை மிகச் சின்னதாக இருக்கட்டும். "அடுத்த வாரம் மையத்துக்கு ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்கக்கா, சும்மா பாத்துட்டுப் போகட்டும்." கூட்டிவந்தால் அவர் நமக்காகப் பேசத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். வராவிட்டால் ஆதரவாளராகவே இருக்கட்டும், அதுவும் நமக்குப் பெரிய பலம்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க மென்பொருள் எதுவும் தேவையில்லை. வருகைப் பதிவு நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போடுங்கள்: 'யார் சொல்லி வந்தீர்கள்?' முகாம், மையச் சேர்க்கை, நன்கொடை மூன்றுக்கும் அதே கேள்வி. ஆறு மாதத்தில் நாம் நினைத்தே பார்க்காத ஒரு பெயர் அந்தக் கட்டத்தில் அடிக்கடி வரும். பால் சொசைட்டியில் எழுதுகிறவராக இருக்கலாம், பூக்கடை அம்மாவாக இருக்கலாம். அவருக்கு அன்றே போன் செய்து நன்றி சொல்லுங்கள். வாரத்தில் ஒரு மதியம், ஊழியர் ஒருவருக்கு இந்தப் போன் பேச்சுக்கென்றே ஒதுக்குவதுதான் இந்த முழுத் திட்டத்தின் உண்மையான செலவு.

கடைசியாக, பிரிவு. நமக்காக நன்றாகப் பேசுகிறவருக்கு ஊரில் பேர் வரும். பேர் வந்தவரை உள்ளாட்சித் தேர்தலில் நிற்கச் சொல்வார்கள். நிற்பது அவர் உரிமை, தடுக்க நாம் யார்? ஆனால் அவர் வேட்பாளர் நோட்டீஸில் நம் முகாமில் எடுத்த படம் வந்தால், மறுநாள் எதிரணித் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் மையத்துக்கு வராது. ஆகவே சேரும்போதே பேசிவிடுங்கள்: தேர்தலில் நின்றால் அந்தப் பருவம் முழுக்க நமக்காகப் பேசுவதில்லை, குரூப்பிலிருந்து விலகிக்கொள்கிறார், நம் பெயரும் படமும் பயன்படாது, முடிந்த பிறகு வென்றாலும் தோற்றாலும் வந்து உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். ரசீது புத்தகம் மட்டும் எந்தப் பருவத்திலும் அலுவலகத்தை விட்டு வெளியே போக வேண்டாம்.